உயரத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்றை வாங்கியிருக்கிறார். வார நாட்களில் அதிலேயே கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்கு வந்து போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் விருந்துக்கும் போகிறார். காரைத் தாழ்த்த ஆசை. ஸ்போர்ட் ஸ்பிரிங் மட்டும் போதுமா, உயரத்தைத் திருகி மாற்றும் ஹை-லோ வாங்க வேண்டுமா, எத்தனை கிலோ ஸ்பிரிங் போடலாம், எவ்வளவு இறக்கலாம் என்று கேட்கிறார். மைவி வைத்திருப்பவர்களும் பழைய சிவிக் வைத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, கடைக்குப் போனால் பேச்சு உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைய வேண்டும், இரண்டா ஒன்றா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் முடிந்தது. அந்த உயரத்துக்கு எந்த ஸ்பிரிங் கையிருப்பில் இருக்கிறதோ அதைப் போடுவார்கள். அப்சோர்பரைப் பற்றிப் பேச்சே வராது, வந்தாலும் "இருக்கிறதே ஓடும்" என்பதோடு நின்றுவிடும். நீங்கள் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் நீங்கள் ஓட்டும் சாலையையும் ஏற்றும் பாரத்தையும் பாருங்கள். அடுத்து அப்சோர்பர். பிறகு அதற்குப் பொருந்துகிற ஸ்பிரிங். இவை மூன்றும் முடிவான பிறகு எவ்வளவு இறக்க இடமிருக்கிறதோ அதுதான் உங்கள் உயரம்.

கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏற ஓரளவு இடம்தான் உண்டு. அது தீர்ந்ததும் அப்சோர்பர் தண்டின் மேல்முனையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டு இடிக்கும். அந்த இடம் 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்சோர்பரைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 30 தான். தாமானுக்குள் இருக்கும் ஒரு வேகத்தடையே அதை விழுங்கிவிடும். ரப்பரில் போய் உட்கார்ந்த கணத்தில் அந்தச் சக்கரத்தின் விறைப்பு பல மடங்கு எகிறுகிறது. நேர்ச்சாலையில் அது ஒரு 'டொக்' சத்தத்தோடு போய்விடும். வளைவின் நடுவே, ஈரச் சாலையில் என்றால் டயர் பிடியை விட்டுவிடும். முன்பக்கம் முட்டினால் ஸ்டீயரிங் திருப்பியும் கார் நேரே போகும். பின்பக்கம் முட்டினால் வால் வீசும். தாழ்த்திய கார் மழையில் சுழன்றது என்று கேள்விப்படும்போதெல்லாம் டயரைக் குறை சொல்வார்கள். பம்ப் ஸ்டாப்பை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி வாகையர் பட்டத்தை வென்று வந்தபோது நாடே பெருமைப்பட்டது. மண் சாலையில் ஓடும் அந்த வகைக் கார்களின் படங்களைப் பாருங்கள், உயரமாகவே நிற்கும். மேடுபள்ளத்தில் வேகம் கொடுப்பது சக்கரம் ஏறி இறங்கக் கிடைக்கும் இடம்தான். நம் சாலைகள் ராலி மண் சாலைகள் அல்லதான். ஆனாலும் கொள்கலன் லாரிகள் இரவும் பகலும் ஓடும் துறைமுகப் பக்கத்துச் சாலைகளில் தார் வரிவரியாகப் பிதுங்கி நிற்பதையும், ஜாலான் காப்பாரில் ஒட்டுப் போட்ட குழிகளின் மேல் மறுபடியும் ஒட்டுப் போட்டிருப்பதையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் காரில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மெல்லிய கேபிள் டை போதும். சக்கரத்தைக் கழற்றுங்கள். அப்சோர்பரின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, மினுங்கும் தண்டைச் சுற்றி கேபிள் டையைக் கட்டுங்கள். விரலால் தள்ளினால் நகரவும் வேண்டும், தானாக நழுவவும் கூடாது. அதைக் கீழே அப்சோர்பர் உடலோடு ஒட்டி இறக்கிவிட்டு, சக்கரத்தை மாட்டி, நீங்கள் தினமும் போகும் வழியிலேயே, தினமும் போகும் வேகத்திலேயே ஒரு நாள் ஓட்டுங்கள். வீட்டு வேகத்தடை, சுங்கச் சாவடி, நெடுஞ்சாலைப் பாலங்களின் இணைப்புகள், பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்தும் மாடிக் கட்டடத்தின் சரிவு, எதையும் விட வேண்டாம். திரும்பி வந்து மறுபடி சக்கரத்தைக் கழற்றினால், அப்சோர்பர் உடல் எதுவரை ஏறியதோ அதுவரை கேபிள் டையைத் தள்ளி வைத்திருக்கும். அதற்கும் பம்ப் ஸ்டாப்பின் கீழ் விளிம்புக்கும் இடையே உள்ள தூரம்தான் நீங்கள் செலவழிக்காத இடம். 25 மி.மீ. இருந்தால், ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாமல் 25 மி.மீ.க்கு மேல் இறக்க முடியாது. கேபிள் டை ஏற்கெனவே ரப்பரில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால், தாழ்த்துவதை மறந்துவிட்டு முதலில் புது அப்சோர்பர் வாங்குங்கள். நான்கு சக்கரத்திலும் இதைச் செய்யுங்கள். பின்பக்கத்துக்கு மட்டும் தனியாக இன்னொரு நாள், வீட்டார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு செய்யுங்கள்.

பின்பக்கத்தை ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், கடையில் கார் எப்போதும் காலியாகவே நிற்கிறது. பின்சீட்டில் மூன்று பேர், பூட்டில் பைகள் என்று பின்அச்சின் மேல் 200 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் அளந்தால் பக்கத்துக்கு 2 கிலோ ஸ்பிரிங் என்றால், இரு பக்கமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க 4 கிலோ தேவை. 200 கிலோவுக்குப் பின்பக்கம் 50 மி.மீ. உட்காரும். ஏற்கெனவே 40 இறக்கியிருந்தீர்கள் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அம்மாவும் பாட்டியும் ஏறிய கார் தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்ச் சேரும்வரை ரப்பர் முட்டின் மேல்தான் ஓடும். வயதானவர்களின் முதுகுக்கு நீங்கள் தரும் தண்டனை அது. தாழ்த்திய காரில் நம் குடும்பங்களின் பெரிய சண்டையே பின்சீட்டிலிருந்துதான் கிளம்புகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சரி, விறைப்பைக் கூட்டினால் ஆகாதா? ஆகும், ஆனால் விலை அதிகம். ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும் அடியின் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 70 மி.மீ. இடத்தை 50 ஆக்கினால், அதே அடியைத் தாங்க ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். 35 ஆக்கினால் நான்கு மடங்கு. முதல் 20 மி.மீ.க்கு ஓர் இரட்டிப்பு, அடுத்த 15 மி.மீ.க்கே இன்னோர் இரட்டிப்பு. கடைசி ஒரு விரல் இடைவெளிக்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் உணர்வார்கள்.

இப்போது 'எத்தனை கிலோ' என்ற கேள்விக்கு வருகிறேன். 5 கிலோ ஸ்பிரிங் என்றால் அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 5 கிலோ பாரம் தேவை. உங்கள் ஜிடிஐ ஒரு டன்னுக்குச் சற்று அதிகம் எடை கொண்ட கார். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பக்கத்து ஒவ்வொரு ஸ்பிரிங்கின் மேலும் சுமார் 280 கிலோ உட்காருகிறது என்று கொள்ளலாம். அங்கே 2 கிலோ ஸ்பிரிங் இருந்தால் கார் விநாடிக்கு ஏறத்தாழ 1.3 முறை ஆடும். 3 கிலோவில் 1.6, 5 கிலோவில் 2.1, 8 கிலோவில் 2.7. வீட்டுக் கார்கள் பொதுவாக 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும். தினமும் ஓட்டும் விளையாட்டுக் கார் 1.5-இலிருந்து 2 வரை போகலாம். அதைத் தாண்டினால் அது பந்தயத் திடலுக்கான கார். 8 கிலோ ஸ்பிரிங் 5.543 கி.மீ. நீளமுள்ள சிப்பாங் திடலின் வழவழப்பான தாரில் அருமையாக வேலை செய்யும்; பந்தய டயர் போட்டு, யாரும் உடன் உட்காராமல் ஓட்டும்போது. அதே காரில் வேலைக்குப் போனால் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் பல்லில் தெரியும். ஈரத்தில் நிலைமை இன்னும் மோசம். விறைத்த ஸ்பிரிங் டயரைச் சாலையோடு அணைத்துப் பிடிக்காது, ஒவ்வொரு நெளிவிலும் தூக்கிவிடும். பிற்பகல் ஆனால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் ஊரில் இருக்கிறோம்.

ஆகவே உங்களுக்கு முன்பக்கம் 3 முதல் 4 கிலோ. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். பின்பக்கத்தில் எடை குறைவு; ஆனால் பாரம் ஏறுவதும் அங்கேதான். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும் என்று 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணிபுரிந்த மோரிஸ் ஆலி கண்டு சொன்னார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்னால் ஏறும் சக்கரம் கொஞ்சம் விரைந்து ஆடினால்தான் இரண்டும் ஒன்றாக அடங்கும், கார் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடாது. நீங்கள் எந்தக் கம்பெனியின் ஸ்பிரிங்கை வாங்கினாலும் நான்கையும் ஒரே செட்டாக வாங்குங்கள். முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்று கிடைத்ததைக் கலந்தால் இந்தக் கணக்கு கெடும்.

ஒரு காரின் கிலோ எண்ணை அடுத்த காரோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் நண்பர் ஹோண்டா சிவிக் இஜியில் 10 கிலோ போட்டு ஓட்டுகிறார், நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இஜியில் இருப்பது டபுள் விஷ்போன். அதில் ஸ்பிரிங் சக்கரத்தின் அருகில் இல்லை, ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 3 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் ஏறத்தாழ 2 மி.மீ.தான் அமுங்குகிறது. இந்த விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும் என்பதால் 10 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் நாலரை கிலோவாகத்தான் படுகிறது. உங்கள் சத்ரியாவின் முன்பக்கத்திலும் மைவியிலும் டொயோட்டா 86-இன் முன்பக்கத்திலும் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதில் ஸ்பிரிங் ஏறக்குறைய சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 10 கிலோ போட்டால் 9 கிலோவுக்கு மேல் அப்படியே சக்கரத்துக்கு வந்துவிடும். நண்பருக்கு இதமாக இருப்பது உங்களுக்குக் கட்டை வண்டியாகிவிடும்.

இனி அப்சோர்பர். உங்கள் பணத்தின் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். சேர்த்ததைத் திருப்பி உதைக்காமல் எண்ணெயில் கரைத்து வெப்பமாக்குவது அப்சோர்பர். ஸ்பிரிங் விறைக்க விறைக்க, அது திரும்பி விரியும்போது பிடித்து நிறுத்தும் பலமும் கூட வேண்டும். எந்த அளவுக்கு என்றால், விறைப்பின் வர்க்கமூல அளவுக்கு. ஸ்பிரிங்கை ஒன்றரை மடங்கு ஆக்கினால் அப்சோர்பரின் பிடி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கூட வேண்டும்; நான்கு மடங்கு ஆக்கினால் பிடி இரு மடங்கு. புது நிலையில் இருக்கும் கம்பெனி அப்சோர்பர், இருபது முப்பது விழுக்காடு விறைப்பான ஸ்போர்ட் ஸ்பிரிங்கை ஓரளவு சமாளித்துவிடும். அதனால்தான் ஐபாக் புரோ-கிட் போன்ற மிதமான ஸ்பிரிங்கைப் புதுக் காரில் அப்படியே போடுகிறார்கள். ஆனால் உங்கள் ஜிடிஐ 1990-களின் கடைசியில் வந்து 2000-களின் நடுப்பகுதியோடு நின்றுபோன மாடல். அதில் இருக்கும் பழைய அப்சோர்பரின் மேல் புது ஸ்பிரிங் போடுவது வீண் செலவு. நெடுஞ்சாலைப் பாலத்தின் இணைப்பைத் தாண்டியதும் கார் இரண்டு மூன்று முறை ஆடி அடங்கினால் அப்சோர்பரின் ஆயுள் முடிந்தது.

புரோட்டோன் 1996-இல் லோட்டஸை வாங்கிய பிறகு, அதன் கார்கள் சாலையில் நடந்துகொள்ளும் விதமே மாறியது. உங்கள் ஜிடிஐயின் பின்னால் லோட்டஸ் பெயரோடு ஒட்டியிருக்கும் அந்த முத்திரை வெறும் அலங்காரம் இல்லை. லோட்டஸ் பொறியாளர்களின் பழைய வழக்கம் ஸ்பிரிங்கை மென்மையாக விட்டு, அப்சோர்பரில் கட்டுப்பாட்டைக் கொண்டுவருவது. அந்தக் கார் ஓட்டுபவர்களிடம் நல்ல பெயர் எடுத்ததற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான். விறைத்த ஸ்பிரிங்கைப் போட்டு இதைக் கலைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் ஜிடிஐகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன.

வாங்கும்போது இதைக் கவனியுங்கள். தாழ்த்திய காருக்கு உடல் குட்டையான அப்சோர்பர் வேண்டும். பில்ஸ்டீனில் பி6 கம்பெனி உயரத்துக்கானது, பி8 தாழ்த்திய காருக்காகக் குட்டையாகச் செய்தது. பி8-உம் ஐபாக் ஸ்பிரிங்கும் ஒரே பெட்டியில் வந்தால் பி12. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று அவர்களே தேர்ந்து கொடுப்பதால், உங்கள் மாடலுக்கு இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். கோனியின் மஞ்சள் அப்சோர்பரில் விரியும் பக்கத்துப் பிடியை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். ஸ்பிரிங் மாறினால் மாற்ற வேண்டியதும் அதுதான் என்பதால் எனக்கு அது பிடிக்கும். கேஒய்பி, டெய்ன் இரண்டும் இங்கே எளிதாகக் கிடைக்கும். உள்ளூர்ப் பொருளை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஏபிஎம் நிறுவனம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, போர்ட் கிள்ளான் பண்டமாரான் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. காரைத் தாழ்த்த வேண்டாம், பழையபடி ஓடினால் போதும் என்பவருக்கு அப்படிப்பட்ட கம்பெனி அளவு அப்சோர்பரே தாராளம்.

ஹாஃப்கட் கடையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த நல்ல பெயருள்ள அப்சோர்பர் மலிவாகக் கிடைக்கும். பெட்டியில்லாமல், தரையில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் அது எண்ணெய் அடைப்பானைக் கிழிக்கும். தண்டு வெளியே வரும் இடத்தை விரலால் துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். நிமிர்த்திப் பிடித்து மெல்ல அமுக்கி இழுங்கள். போகும் வழியில் எங்காவது பிடி விட்டு 'லொடக்' என்று நழுவினால் உள்ளே எண்ணெய் இல்லை. இவை எல்லாம் தேறினாலும் உள்ளே வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. என் மனம் புதிதை நோக்கித்தான் சாயும்.

ஹை-லோ வேண்டுமா என்றால், நீங்கள் இப்போது ஓட்டும் விதத்துக்குத் தேவையில்லை. வாங்கியே தீர வேண்டும் என்றால் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றில், ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகி இறக்கிக் காரைத் தாழ்த்துவார்கள். இறக்க இறக்க அப்சோர்பருக்குள் தண்டு ஓட இருக்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், குறைந்துகொண்டே போகும், மிகவும் இறக்கினால் ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். மற்றதில் கீழ் பிராக்கெட்டே தனியாகத் திருகி ஏறி இறங்கும். உயரத்தை மாற்றினாலும் ஸ்ட்ரோக் அப்படியே இருக்கும். இரண்டாவதை வாங்குங்கள். பெரும்பாலான ஹை-லோ செட்டுகள் உங்கள் காருக்கு மிஞ்சிய விறைப்பில்தான் கடைக்கு வருகின்றன. ஆர்டர் கொடுக்கும்போதே மென்மையான ஸ்பிரிங் கேளுங்கள், பல கம்பெனிகள் மாற்றித் தருகின்றன. 32 படி சாஃப்ட்-ஹார்ட் திருகு இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அந்தத் திருகு அப்சோர்பரின் பிடியைத்தான் மாற்றுகிறது, ஸ்பிரிங்கை மாற்றாது. முழுக்க ஹார்டில் வைத்தால் இன்னொரு கோளாறும் வரும். சமிக்ஞை விளக்குக்கு முன்னால் குறுக்கே தடித்த மஞ்சள் கோடுகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள் அல்லவா? முதல் கோட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த கோடு வந்துவிடும். ஒவ்வொரு கோட்டிலும் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து ரப்பரில் போய் உட்காரும், அதுவும் நீங்கள் பிரேக் மிதிக்கும் இடத்தில். நடுவிலிருந்து தொடங்கி, கார் ஒரே ஆட்டத்தில் அடங்கும் இடம் வரும்வரை இரண்டிரண்டு படியாகக் கூட்டுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஆறு சுற்றில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடும், கார் இறங்குவதோ அதற்குப் பொருந்தாத அளவு. வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் இடம் மாறிவிடும். கேஸ் டார்ச்சால் சுட்டு இறக்குவது இன்னும் கொடுமை. அந்த இரும்பின் பதம் போய்விட்டது, எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. மிச்சமாகும் சில நூறு வெள்ளிக்குப் பின்சீட்டில் இருப்பவர்களின் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

தாழ்த்தினால் கார் வளைவில் கட்டாயம் நன்றாகத் திரும்பும் என்று நினைப்பவர்கள் அதிகம். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் இது ஓரளவுக்குத்தான் உண்மை. சக்கரத்தின் பின்னால் குனிந்து லோவர் ஆர்மைப் பாருங்கள். கார் நிற்கும்போது அது தரைக்கு இணையாகவோ வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். மிகவும் இறக்கினால் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அந்நிலையில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, கார் இறங்கியதைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. அதனால் தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். ஸ்டீயரிங் கம்பியின் கோணமும் மாறுவதால் மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும். உங்கள் காரில் 25 மி.மீ.க்குள் நின்றால் இந்தத் தொல்லைகள் அடக்கமாக இருக்கும். இஜி, இகே சிவிக்கில் தாழ்த்தினால் சக்கரங்கள் உள்பக்கம் சாய்ந்து நிற்கும். டயரின் உள்விளிம்பு தேய்வதற்குக் கேம்பர் எனப்படும் இந்தச் சாய்வைக் குறை சொல்வார்கள், ஆனால் டயரை உண்மையில் தின்பது பெரும்பாலும் சரி செய்யாமல் விட்ட டோ, அதாவது சக்கரங்கள் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். மைவியின் பின்பக்கம் ஒரே பீம். அங்கே சாதாரண அலைன்மென்டில் திருத்த எதுவும் இல்லை, அதனால் அதில் அளவாகவே இறக்க வேண்டும்.

மாட்டும் நாளன்று கூடவே நில்லுங்கள். அப்சோர்பர் மவுண்டிங், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வைத்திருங்கள். அப்சோர்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இற்றுப்போன மவுண்டிங்கின் மேல் அது தட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டெபிலைசர் லிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லோவர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்த நேர்ந்தால், கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, காரின் எடை முழுவதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. பல பட்டறைகளில் அவசரத்தில் இதைச் செய்வதில்லை. தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், கார் ஓரிரு மில்லிமீட்டர் உயரமாகவும் நிற்கும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து நான்கையும் எழுதி வையுங்கள். ஸ்பிரிங் உட்கார ஒரு வாரம் விட்டு, மறுபடி அளந்துவிட்டு, பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். முன்விளக்கின் கோணத்தையும் அப்போதே திருத்திவிடலாம். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு இறங்கியிருந்தால் வெளிச்சம் எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும், அல்லது உங்கள் சாலை இருட்டாகும்.

காரை இறக்குவதற்கு முன் வீட்டு வாசலைப் பாருங்கள். நம் வரிசை வீடுகளில் கால்வாயைத் தாண்டிப் போர்ச்சுக்கு ஏறும் சரிவு செங்குத்தாக இருக்கும். முன் உதட்டுக்கும் அந்தச் சரிவுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அட்டையை வைத்து அளந்துவிடலாம். உங்கள் பகுதியில் நீர் தேங்குமா என்பதும் கணக்கில் வர வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் ஏறிய வெள்ளத்துக்கு எந்தக் காரும் தப்பியிருக்காது. ஆனால் பெருமழை நாட்களில் கிள்ளானில் கணுக்காலுக்கு மேல் நீர் நிற்கும் சாலைகளில், காற்று இழுக்கும் குழாயைத் தாழ்வாக மாற்றிய, தாழ்ந்த கார்தான் முதலில் தண்ணீரை எஞ்சினுக்குள் உறிஞ்சுகிறது.

சட்டப் பக்கத்துக்கு 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகள் இருக்கின்றன. சாலைப் போக்குவரத்துத் துறை (ஜேபிஜே) சோதனையில் நிறுத்தினால் அளவாக இறக்கிய, நல்ல பெயருள்ள செட் போட்ட காருக்கும், தரையில் உரசும் காருக்கும் வேறுபாடு அதிகாரிக்குப் பார்த்தவுடனே தெரியும். வேலை முடிந்ததும் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விபத்துக்குப் பிறகு இதைப் பேசத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, முன் இடது, முன் வலது என்று எழுதிக் கட்டி வையுங்கள். காரை விற்கும்போது புஸ்பாகோமில் பி5 பரிசோதனைக்கு அவை தேவைப்படலாம். அதற்கு முன்பே உங்கள் கேபிள் டை வேறு ஏதாவது சொன்னால், மறுபடி மாட்டவும் அவை கையில் இருக்கும்.